வடசென்னை வீட்டு வடிகால்: மழைக்கு முன்னும் பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், கொளத்தூர், திருவொற்றியூர், மணலி என்று எந்தப் பக்கம் போனாலும், தனி வீட்டுக்காரர்களும் ஒட்டு வீட்டுக்காரர்களும் சின்ன அடுக்குமாடிக்காரர்களும் பிளம்பரிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய், சேம்பர் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சின்னத் தொட்டி), கழிவறைக் குழாய், சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) ஆகியவற்றைப் பற்றித்தான் இங்கே அதிகம். தெருவில் இருக்கும் வடிகாலைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும்.

வடிகால் வேலையை எந்த மாதத்தில் பார்ப்பது? ஐப்பசியில் மழை ஆரம்பித்ததும் பார்த்தால் போதாதா?

போதாது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னைக்கு வருடத்துக்குக் கிடைக்கும் 1,400 மில்லிமீட்டர் சொச்சத்தில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதுவும் மாதம் முழுக்கப் பரவலாகப் பெய்யாது, இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். அந்த நேரத்தில் பிளம்பர் கிடைக்க மாட்டார், கழிவுநீர் லாரி கிடைக்காது, தோண்டினால் குழியில் ஊற்று வரும்.

ஆவணியும் புரட்டாசியும்தான் சரியான காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை வருமே, அது இலவச ஒத்திகை. அந்த அரை மணி நேர மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எந்த மூலையில் தேங்குகிறது, எந்தக் குழாயில் வேகமாக வருகிறது, எதில் வரவே இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆயுத பூஜைக்கு வண்டியையும் அரிவாள்மனையையும் கழுவும் நாம், சேம்பர் மூடியையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மாடித் தண்ணீரைச் சாக்கடை சேம்பரில் விட்டிருக்கிறோம். எல்லாம் தண்ணீர்தானே, அதனால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள். வடசென்னையில் தரைத்தள வீடுகள் படும் பாட்டில் பெரும்பங்கு இந்த ஒரு இணைப்பால் வருவது.

நம் ஊரில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அது ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று போய்க் கடைசியில் கடலுக்குப் போக வேண்டியது. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. அது உந்து நிலையங்கள் வழியாகக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையம் மாதிரியான இடத்துக்குப் போக வேண்டியது. சாக்கடைக் குழாயின் விட்டம் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், கழிவறைத் தண்ணீர் இவற்றைக் கணக்கிட்டுப் போட்டது. மழை அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 600 சதுர அடி மாடி. ஒரு ராத்திரியில் 10 சென்டிமீட்டர் மழை. மாடியிலிருந்து இறங்கும் தண்ணீர் சுமார் 5,500 லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் நான்கு பேர் குடும்பம் ஒரு நாளில் வெளியேற்றுவது 540 லிட்டர்தான். ஆக, பத்து நாள் கழிவுநீரின் அளவை ஒரே ராத்திரியில் அந்தக் குழாய்க்குள் தள்ளுகிறோம். தெருவில் எல்லோரும் இதையே செய்தால் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொள்ளும். மூடி தூக்காவிட்டால் தண்ணீர் வேறு வழி தேடும். தெருவிலேயே பள்ளமான வீட்டின் கழிவறைதான் அந்த வழி.

தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. சாக்கடை அடைத்துக்கொண்டது என்று கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் திருப்பிவிடுவார்கள். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்புறம் வருடம் முழுக்கத் தெருவே நாறும், கொசு பெருகும், வடிகாலில் கசடு படிந்து மழைக்கு இடமில்லாமல் போகும். இது சட்டவிரோதமும்கூட. மாநகராட்சி கண்டுபிடித்தால் இணைப்பை அடைத்து அபராதமும் போடும்.

எங்கள் வீட்டில் இரண்டும் கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீடு கட்டியவர் இப்போது இல்லை.

மழையில்லாத நாளில் சாக்கடை சேம்பர் மூடிகளைத் திறந்து வையுங்கள். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் கலக்கி, மாடியில் ஒரு குழாய் வாயில் ஊற்றுங்கள். கீழே ஒருவர் சேம்பர் பக்கத்தில் நிற்கட்டும். நீலம் சேம்பரில் வந்தால் கலந்திருக்கிறது. உறிஞ்சு குழியிலோ (மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ஜல்லிக் குழி) தெருப்பக்கக் குழாய் வாயிலோ வந்தால் நல்லது. எங்கேயும் வரவில்லை என்றால் குழாய் நடுவில் அடைத்திருக்கிறது, அல்லது உடைந்து சுவருக்குள் இறங்குகிறது. அறைச் சுவரில் வருடா வருடம் ஈரம் பூத்துப் பெயின்ட் உரிகிறதே, அதன் காரணமும் அன்றைக்கே தெரிந்துவிடலாம்.

மாடியில் எத்தனை வாய் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாக இப்படிப் பாருங்கள். முன்பக்கக் குழாயைச் சரியாக விட்டு, பின்பக்கக் குழாயைப் பாத்ரூம் சேம்பரில் சேர்த்திருப்பது ரொம்ப சகஜம். ஏனென்றால் பின்பக்கம் இடமில்லை. பிரித்தெடுப்பது பெரிய வேலை இல்லை. அந்தக் குழாயைத் தரைக்கு மேலே வெட்டி, சுவரை ஒட்டியே வாசல் வரை கொண்டுவந்து, உறிஞ்சு குழிக்கோ தெரு வடிகாலுக்கோ திருப்ப வேண்டும். இரு பக்கமும் பொதுச்சுவர் உள்ள ஒட்டு வீடுகளில் நடைப்பாதைத் தரையைக் கீற வேண்டியிருக்கும். அதுதான் கொஞ்சம் வலிக்கும் செலவு.

மாடியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் குழாய் வாய். வடசென்னை மாடிகளுக்கென்றே சில தனிக் குப்பைகள் உண்டு. புறா வளர்க்கும் தெருக்களில் இறகும் எச்சமும் சேர்ந்து களிபோல் வாயில் படியும். கோடையில் அறுந்து விழுந்த பட்டத்தின் தாளும் நூலும் குழாய் வாயில் போட்டிருக்கும் துளைமூடியான ஜாலியில் சுற்றிக்கொள்ளும். ஆடிக் காற்று மண்ணையும் பிளாஸ்டிக் கவரையும் கொண்டுவந்து சேர்க்கும். இதனால் தட்டையான ஜாலி உதவாது. ஒரே ஒரு கவர் போதும், முழுதாக மூடிவிடும். கூம்பாக மேலெழும்பி நிற்கும் ஜாலி வாங்கிப் போடுங்கள். அடியில் குப்பை சேர்ந்தாலும் மேல் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

இரண்டாவது, குழாய்களின் எண்ணிக்கை. மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழைக்கு, நான்கு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 400 சதுர அடி மாடியைத் தாங்கும். மூன்று அங்குலக் குழாய் அதில் பாதியளவுக்குத்தான் தாங்கும். 900 சதுர அடி மாடிக்கு ஒரே ஒரு மூன்று அங்குலக் குழாய் வைத்த வீடுகள் ஏராளம். சாதாரண மழையில் அது சமாளித்துவிடும், புயல் மழையில் மாடி குளமாகும்.

மூன்றாவது, இதை யாரும் செய்வதில்லை, ஆனால் செலவு மிகக் குறைவு: கைப்பிடிச் சுவரில் தெருப்பக்கமாக, தளத்திலிருந்து மூன்று நான்கு அங்குல உயரத்தில் ஒரு துளை. குழாய் அடைத்துக்கொண்டால் அதன் வழியாகத் தண்ணீர் தெருவில் விழும். மாடிப்படி வழியாக வீட்டுக்குள் வராது. தெருவில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தாலே மேலே அடைப்பு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுங்கள். மேலே கிள்ளிவிட்டால் ஒரு வருடத்தில் விரல் தடிமனுக்கு வேர் குழாய் இணைப்புக்குள் போயிருக்கும்.

சமையலறைக் குழாய் மட்டும் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. என்ன காரணம்?

ஞாயிற்றுக்கிழமை.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காசிமேட்டிலிருந்து மீன் வந்து இறங்கும் நாள் அது. சமையலறைத் தண்ணீர் விழும் சேம்பரை ஒருமுறை திறந்து பாருங்கள். முதலில் தெரிவது வெள்ளையும் பழுப்புமாக ஒரு தடித்த ஏடு. குச்சியால் குத்தினால் உடையாது, வளையும். எண்ணெயும் கொழுப்பும் சோப்பும் கஞ்சியும் சேர்ந்து இறுகிய கட்டி அது. அதில் சங்கரா மீன் செதில்கள் பளபளவென்று பதிந்திருக்கும். கூடவே இறால் ஓடு, கறிவேப்பிலைக் காம்பு. அடியில் டீத்தூளும் மாவும் படிந்து கறுத்த மண்டி. செதில் தானாக அடைக்காது. ஆனால் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டால் அசையாது, அடுத்து வருவதையெல்லாம் பிடித்து நிறுத்திவிடும்.

செய்ய வேண்டியது எளிது. மீனைத் தொட்டியில் நேராகக் கழுவாமல் அகலமான பாத்திரத்தில் கழுவி, அந்தத் தண்ணீரைப் பழைய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். செதிலும் ஓடும் மக்கும் குப்பையில் போகட்டும். வறுத்த எண்ணெயைக் காலிப் பால் கவரில் ஊற்றிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். தீபாவளிப் பலகாரம் சுட்ட மறுநாள் வரும் அடைப்பு அழைப்புகளை நினைத்தால் இதை இன்னும் சத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் தீபாவளியும் மழையும் ஒன்றாகத்தான் வரும். சேம்பரில் படிந்த ஏட்டை மாதம் ஒருமுறை கரண்டியால் வழித்து எடுத்தாலே பாதிக் கவலை போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், இணைப்புகள் நெகிழும். கை பொறுக்கும் சூடு போதும்.

ஆசிட் ஊற்றினால் அடைப்பு போய்விடுமா?

கொழுப்பு அடைப்புக்கு ஆசிட்டால் பெரிய பலன் இல்லை. சிமென்ட் பூசிய சேம்பரைத்தான் அது அரிக்கும். அதைவிட முக்கியம்: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. குளோரின் வாயு வெளிவரும். ஜன்னல் இல்லாத சின்னப் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றை ஊற்றி வேலை நடக்கவில்லை என்று அடுத்ததை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் ரப்பர் பம்ப்பால் அழுத்திப் பாருங்கள், அப்புறம் ஸ்பிரிங் கம்பி. பழைய ஆட்கள் வைத்திருக்கும் மூங்கில் பிளாச்சு (நீளமாகப் பிளந்த மூங்கில் பட்டை) நேர்க்குழாய்க்கு இன்றைக்கும் நன்றாக வேலை செய்யும். வளைவில் மட்டும் அதைத் திணிக்க வேண்டாம், முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

ஒரு ஆளை உள்ளே இறக்கி எடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்களே?

கூடவே கூடாது. செப்டிக் டேங்க்கிலும் மேன்ஹோலிலும் தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் அங்கேயே விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஆளை இறக்குவது குற்றம், வீட்டுக்காரர் மீதும் வழக்கு வரும். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவரே முன்வந்து “நான் இறங்கறேன் சார்” என்று சொன்னாலும் மறுத்துவிடுங்கள். லாரியைக் கூப்பிடுங்கள், நாள் ஆனாலும் பரவாயில்லை.

மே மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் பாத்ரூமில் சாக்கடை நாற்றம். எதுவும் அடைக்கவில்லையே?

அடைக்கவில்லை, காய்ந்திருக்கிறது. தரையில் தண்ணீர் வடியும் வாய்க்குக் கீழே இருக்கும் நஹானி டிராப்புக்குள் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நின்று வாயுவையும் கரப்பானையும் தடுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் அது ஆவியாகிவிடும். ஒவ்வொரு வாயிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள், நாற்றம் போய்விடும். ஊருக்குப் போகும் முன் தண்ணீர் ஊற்றி மேலே சில சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் காயாது.

ஃப்ளஷ் பண்ணும்போது பக்கத்து வாஷ்பேசினில் ‘களக் களக்’ என்று சத்தம் வருகிறது.

காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயின் தலையில் காக்கை கூடு கட்டியிருக்கலாம், அல்லது பெயின்ட் அடிக்கும்போது யாராவது கோணியைத் திணித்துவிட்டு எடுக்க மறந்திருக்கலாம். எடுத்துவிட்டு வலை கட்டுங்கள், கொசுவும் வராது. அதற்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் கடைசி சேம்பரில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

பெரிய மழைக்குக் கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வருகிறது. நான் ரிட்டர்ன் வால்வு போட்டால் தீருமா?

தீரும், ஆனால் பாதி பேர் போட்டுவிட்டு ஏமாந்துபோகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

வால்வின் வேலை ஒன்றே ஒன்று: வீட்டிலிருந்து தெருவுக்குப் போகலாம், தெருவிலிருந்து வீட்டுக்கு வரக் கூடாது. அதைக் கடைசி சேம்பருக்கும் தெருக் குழாய்க்கும் நடுவில், திறந்து சுத்தம் செய்ய வசதியாக ஒரு சின்ன சேம்பருக்குள் வைக்க வேண்டும். தெருவில் தண்ணீர் ஏறியதும் அதன் நாக்கு மூடிக்கொள்ளும். மூடிக்கொண்ட பிறகு உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரத்தில் மாடிவீட்டில் வாஷிங் மெஷின் ஓடினால், அந்தத் தண்ணீர் தரைத்தளப் பாத்ரூமில்தான் எழும்பும்.

இப்போது மேலே சொன்ன கலப்பு இணைப்பை நினைத்துப் பாருங்கள். மாடி மழைநீரும் அதே சேம்பரில் விழுகிறது என்றால், வால்வு மூடிய ராத்திரியில் அந்த 5,500 லிட்டரும் போக இடமில்லாமல் உங்கள் வீட்டுக்குள்ளேயே ஏறும். “வால்வு போட்டும் வருது சார்” என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தெருச் சாக்கடை உள்ளே வரவில்லை, அவர்கள் மாடிதான் வந்துகொண்டிருக்கிறது.

அதனால் முதலில் பிரியுங்கள், பிறகு வால்வு. மழைக்கு முன் அதைத் திறந்து நாக்கில் துணியோ நாப்கினோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி திறந்த வால்வு இருந்தும் இல்லாததுதான். வால்வு போட முடியாத வீடுகளில், கோணியில் மணல் நிரப்பி பாலித்தீன் சுற்றிக் கழிவறைக் கோப்பை மேல் அழுத்தி வைப்பது பழைய வழி. ஓரளவு தாங்கும். அபார்ட்மென்டாக இருந்தால், மேல் மாடிக்காரர்களும் அந்த சில மணி நேரம் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அதை மழைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கழுத்தளவு வந்த பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

ரோடு போட்டுப் போட்டு எங்கள் வீடு இரண்டு அடி பள்ளத்துக்குப் போய்விட்டது. என்ன செய்வது?

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் நாளில் வீதிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நின்று அதைக் கேளுங்கள். போட்டு முடித்த பிறகு யாரும் சுரண்ட மாட்டார்கள்.

ஏற்கெனவே பள்ளமான வீட்டுக்கு வாசலில் ஒரு அடி தடுப்புச் சுவரும், முற்றத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சின்னக் குழியும், அதில் ஒரு நீர்மூழ்கி மோட்டாரும் வைப்பது குறைந்த செலவு வழி. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். பெரிய மழையில் கரண்ட் போகாத தெரு எது?

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது இப்போது பரவலாகிவிட்டது. பொறியாளர் ஒருவர் அஸ்திவாரத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு அதைச் செய்யலாம். ஆனால் வீட்டைத் தூக்குபவர்கள் வடிகாலைப் பற்றிப் பெரும்பாலும் பேச மாட்டார்கள். வீடு மேலே போனாலும் சேம்பர் பழைய மட்டத்திலேயே கிடக்கும். அதன் கழுத்தையும் உயர்த்திக் கட்டாவிட்டால், தெருத் தண்ணீர் மூடி வழியாக இறங்கிச் சாக்கடையை நிரப்பும். ஒப்பந்தத்தில் சேம்பர், சம்ப், குழாய் இணைப்பு மூன்றையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.

மழை நின்று ஒரு நாள் ஆகியும் தெருத் தண்ணீர் வடியவில்லையே, ஏன்?

கடலோரத்தில் இருக்கிறோம், தரையும் தட்டை. கால்வாய்த் தண்ணீர் கடலுக்குப் போகக் கடல் மட்டம் இறங்கியிருக்க வேண்டும். புயல் நேரத்தில் கடல் பொங்கியிருந்தால், “கடல் உள்ளே வாங்கல” என்று பெரியவர்கள் சொல்வது அப்படியே நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடக்கும் முன் சென்னைக்கு அருகில் கடலில் மெதுவாக நகர்ந்தபோது வடசென்னையில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணூர் முகத்துவாரத்தில் மண் மேடிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மணலி, வடபெரும்பாக்கம், சடையங்குப்பம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகப் புழல் ஏரியின் உபரிநீர் வேறு. ஏரியின் முழு மட்டம் 21.20 அடி. அதை நெருங்கினாலே செய்தியில் சொல்வார்கள். அதைக் கேட்டதும் கீழே இருக்கும் மிக்ஸி, அரிசி, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றிவிடுங்கள்.

இந்த நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருவில் விட்டால் அது தெருவில் நிற்கும், அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும். தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு இறைப்பதே மேல். அதற்கு முன் சாக்கடை மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு. முழங்கால் தண்ணீரில் திறந்த மேன்ஹோல் யார் கண்ணுக்கும் தெரியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

உறிஞ்சு குழி இருக்கிறது. ஆனால் தண்ணீர் இறங்குவதில்லை.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய குழிகள் பல இன்றைக்கு மண்ணும் சேறுமாக நிரம்பியிருக்கின்றன. புரட்டாசியில் ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி, அடியில் படிந்த வண்டலை வாரிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை மாதிரி கடலோர மணல் பூமியில் அதற்குப் பிறகு கடகடவென்று இறங்கும். உள்ளே தள்ளிக் களிமண் பூமியில் மெதுவாகத்தான் இறங்கும். அங்கே குழியின் மேல் விளிம்பிலிருந்து தெரு மழைநீர் வடிகாலுக்கு ஒரு நிரம்பு குழாய் கட்டாயம் வேண்டும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறியபின் எந்த மண்ணிலும் குழி கொஞ்சம் அடம்பிடிக்கும், அதற்காகக் குழியைக் குறை சொல்ல வேண்டாம்.

எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. செப்டிக் டேங்க் எப்போது காலி செய்வது?

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன். நடு மழையில் முழுதாகக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலித் தொட்டிக்கு அடியிலிருந்து உந்துதல் வரும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் மண்ணைவிட்டு மேலே எழும்பி, குழாய்களையும் உடைத்துவிடும். அவசரம் என்றால் பாதியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

வெள்ளத் தண்ணீர் சம்ப்பில் கலந்துவிட்டது. பிளீச்சிங் போட்டால் குடிக்கலாமா?

அந்தத் தண்ணீரில் போட்டுப் பிரயோசனமில்லை. மோட்டார் சுவிட்சை முதலில் அணையுங்கள், இல்லாவிட்டால் மேல்தொட்டியும் கெடும். சம்ப்பை முழுதாக இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிய தண்ணீர் விடுங்கள். ஆழமான சம்ப் என்றால் மூடியைத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் காவலுக்கு நிற்கும்போது மட்டும் இறங்க வேண்டும். புதிய தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். பக்கெட்டில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வந்ததுபோல் எண்ணெய் கலந்த வெள்ளமாக இருந்தால் பிளீச்சிங்கால் ஆவது எதுவும் இல்லை. சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, எண்ணெய் வாடை அறவே போகும் வரை அந்த சம்ப்பைக் குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்த மழைக்கு முன் சம்ப்பின் வாயைத் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டிவிடுங்கள். வண்டி நிறுத்த இடைஞ்சல் என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம்.

கொசு, காய்ச்சல்?

சாக்கடையில் பெருகுவது க்யூலெக்ஸ் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்: மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, பூந்தொட்டித் தட்டு, மூடாத உறிஞ்சு குழி. மழைத் தண்ணீரில் நடந்து வந்தால் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், புண் இருந்தால் நடக்கவே வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை அவர் யோசிக்க அது உதவும்.

எந்தப் புகாருக்கு யாரைக் கூப்பிடுவது?

தெருவில் மழைநீர் தேக்கம், மழைநீர் வடிகால் அடைப்பு, மரம் விழுந்தது: மாநகராட்சி 1913. சாக்கடை பொங்குவது, குடிநீரில் சாக்கடை கலப்பது: குடிநீர் வாரியம் 1916 அல்லது 044-4567 4567. மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தால்: மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. அந்தத் தண்ணீரில் காலை வைக்காதீர்கள். பேசுவதற்கு முன் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக, நாற்றத்தோடு, மேன்ஹோலிலிருந்து வந்தால் அது சாக்கடை. தவறான இடத்தில் புகார் கொடுத்தால் “அது எங்க லைன் இல்ல” என்ற பதிலோடு ஒரு நாள் போய்விடும். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்த பிறகு செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. சுவரில் வெள்ளம் நின்ற கோடு மறைவதற்குள் அதை அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம், ப்ளக் பாயின்ட் எவ்வளவு உயரம் என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு இல்லை. போகிக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, அடுத்த புரட்டாசியில் “போன வருஷம் எதுவரைக்கும் வந்துச்சு?” என்று வீட்டுக்குள்ளேயே வாதாடுவது வழக்கமாகிவிட்டது. சேம்பர்களில் படிந்த மணலையும் இப்போதே வாரிவிடுங்கள். கோடையில் காய்ந்து இறுகினால் கடப்பாறை வேண்டியிருக்கும்.

வாடகை வீடு. இந்தச் செலவெல்லாம் யார் தலையில்?

சமையலறை சேம்பரை வழிப்பது, ஜாலியில் குப்பை எடுப்பது, டிராப்பில் தண்ணீர் ஊற்றுவது குடியிருப்பவர் வேலை. குழாயைப் பிரிப்பது, வால்வு, உறிஞ்சு குழி, சம்ப் வாய் உயர்த்துவது வீட்டுக்காரர் செலவு. ஆவணியிலேயே வீட்டுக்காரரை வரச்சொல்லி அந்த நீலத் தண்ணீர்ச் சோதனையை அவர் கண் முன்னால் செய்து காட்டுங்கள். போனில் சொன்னால் “பார்க்கலாம்ப்பா” என்பவர், சேம்பரில் நீலம் வருவதைப் பார்த்தால் அன்றைக்கே மேஸ்திரிக்குப் போன் போடுவார்.